போனில் சார்ஜ் இருந்தது

சிவரஞ்சனி மலைக்குக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் திறக்கும் வாரம். போடி பஸ் ஸ்டாண்டில் சாரல் காற்று ஆட்களின் குடைகளைத் திருப்பிக்கொண்டிருந்தது. பூப்பாறை போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பள்ளிக்கூடப் பை, காலடியில் துணிமூட்டை. பக்கத்தில் அவள் அப்பா வீரணன். பூப்பாறையைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை அவருக்கு. தோட்டத்து லயக் குடியிருப்பில் தங்கி, வாரக் கடைசியில் மட்டும் கீழே இறங்கி வருவார். அன்று மகளையும் தன்னோடு கூட்டிப்போகிறார். இனி அவளுக்குப் பள்ளிக்கூடமும் மலையில்தான்.

ஜன்னலுக்குக் கீழே பொற்கொடி அக்கா நின்றாள். அவளுடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். துணைக்கு வா என்று அவள் கேட்டதால் நானும் நின்றிருந்தேன்.

“ரஞ்சி, ஸ்வெட்டரு மேலாப்புலதான் இருக்கு. மலைமெட்டு ஏறவும் எடுத்துப் போட்டுக்க.”

“ம்.”

“பரீட்சை லீவுக்கு வந்துருவேல்ல?”

சிவரஞ்சனி அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பாப்போம்மா” என்றாள்.

“என்னத்துக்கு இப்பிடி நிக்கிற? புள்ள துபாய்க்கா போகுது? இந்தா இருக்கு மலை” என்றார் வீரணன்.

பஸ் நகர்ந்ததும் அக்கா அதன் கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள். வாசல் வளைவில் பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “வந்துருவாளாடி?” அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அவள் கேட்டதும் அதைத்தான்.

பொற்கொடி அக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்று நான் நினைத்ததற்குக் காரணம், அவளுக்கு நடந்ததற்கு எங்கள் ஊரில் பெயர் இல்லை. குடித்து விழுந்தவரை எங்களுக்குத் தெரியும். சீட்டாட்டத்தில் தோட்டத்தை விட்டவரைத் தெரியும். இவள் குடிக்கவில்லை, யாரிடமும் கைநீட்டவில்லை, ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனாலும் மகளை இழந்தாள். அது நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் இருந்த என் அம்மாவுக்கே அது தெரியவில்லை.

அக்காவுக்கு ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்கும் வேலை. தரையில் காயைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து, வெடித்தது, கறுத்தது, பூச்சி தொட்டது என்று கையால் பிரிப்பார்கள். இதைச் செய்கிற பெண்களின் விரல்கள் சும்மா இருக்கும்போதும் அசையும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, பஸ்ஸில் தூங்கும்போது, சாமி கும்பிடும்போதுகூடக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். போடியில் அதை யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லை. “காய் பொறுக்குறவ கை” என்பார்கள், அவ்வளவுதான். எங்கள் எல்லாரையும் ஏமாற்றியது அந்தப் பேச்சுதான்.

போன் வந்தது கொரோனா காலத்தில். சிவரஞ்சனிக்குப் பள்ளிக்கூடம் போனில் நடந்தது. பாடம் முடிந்ததும் அவள்தான் அந்த விளையாட்டை இறக்கினாள். கட்டம் கட்டமாகப் பழங்கள். ஒரே நிறப் பழங்களை வரிசையில் சேர்த்தால் அவை வெடித்து மறையும், மேலிருந்து புதுப் பழங்கள் உதிரும். அம்மாவும் மகளும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ஆடினார்கள். குடோனும் மூடியிருந்த நேரம். “அம்மா, அந்த மஞ்சள நகட்டு!” “எனக்குத் தெரியும் போடி, கண்ணு எதுக்கு இருக்கு?” என்ற சத்தம் சுவரைத் தாண்டி வரும் என்று என் அம்மா சொல்வாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்பு கேட்டதில்லையாம்.

குடோன் திறந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. மகள் விளையாட்டை மறந்துவிட்டாள். அம்மா மறக்கவில்லை.

அக்காவுக்குக் கண் கூர்மை. குவியலில் ஒரு கறுத்த காயைக் கண்டுபிடிக்கிற கண். விளையாட்டில் மற்றவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களை அவள் நொடியில் தாண்டிவிடுவாள். குடோனில் டீ நேரத்தில் மொக்கம்மாள் என்ற கூட்டாளி தன் போனை நீட்டுவாள். “இந்தா பொற்கொடி, இதத் தாண்ட முடியாம ஒரு வாரமா முக்குறேன். வெரசா முடிச்சுக் குடு தாயீ.” முடித்துக் கொடுத்தால், “ஒனக்கு மண்டைக்குள்ள என்ன கம்ப்யூட்டரா இருக்கு?” என்று சிரிப்பார்கள். பத்தாவதைத் தாண்டாத அக்காவைக் கெட்டிக்காரி என்று நாலு பேர் சொன்னது அப்போதுதான். அது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

பிறகு வீட்டிலும், சுவருக்கு அந்தப் பக்கம், எங்களுக்குத் தெரியாமல் அந்த ஆட்டம் நடந்தது. சோறு குழைந்தது. பால் பொங்கி வழிந்தது. மகள் ஏதாவது சொன்னால், முகத்தைத் திருப்பாமல் “ம், சொல்லு” என்பாள். சொல்லி முடித்ததும் “என்ன சொன்ன?” என்பாள். சிவரஞ்சனி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைக்கூட எங்கள் வீட்டில் வந்துதான் சொன்னாள்.

இடையில் ஒருதரம் என் அம்மா கேட்டிருக்கிறாள். “என்னடி பொற்கொடி, சும்மா உக்காந்திருக்கப்பயும் வெரலு ஆடுது?”

“காய் பொறுக்குற கையி பெரிம்மா. வேறென்ன?”

அம்மா நம்பிவிட்டாள். ஆனால் காய் பொறுக்கும் கையில் இரண்டு விரல்கள் உருளும். அக்காவுக்கு ஆடியது கட்டைவிரல் மட்டும், மேலும் கீழும் பக்கவாட்டிலும். அதை முதலில் கவனித்தது சிவரஞ்சனி. தூக்கத்தில்கூட அம்மாவின் கட்டைவிரல் போர்வையில் பழங்களை நகர்த்திக்கொண்டிருந்ததை அவள் பின்னால் என்னிடம் சொன்னாள்.

நான் ஊர் ஊராக அலைந்துவிட்டு வீடு திரும்பியது, சிவரஞ்சனி மலைக்குப் போன அதே வருஷம் பங்குனியில். வந்த சில வாரத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அது நடந்தது.

அக்கா வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சிவரஞ்சனி கொல்லையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். பாவாடையில் கறை. வயிறு வலித்தது. என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனாலும் பயம். “அம்மா” என்றாள்.

“இரு.”

“அம்மா, இங்க பாரேன்.”

“இந்தா, முடியப் போகுது. நிக்கிறேல்ல, நில்லு.”

அவள் நின்றாள். போனில் பழங்கள் வெடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டம் முடிந்து இன்னொன்று தொடங்குகிற சத்தமும் கேட்டது. அம்மா தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பிள்ளை எங்கள் வாசலுக்கு வந்து, “அம்மாச்சி” என்று என் அம்மாவைக் கூப்பிட்டது. அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாமல் அழுதது.

என் அம்மாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. பிள்ளையை ஓரமாக உட்காரவைத்து, துண்டைப் போர்த்தி, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி குரல் கொடுத்தாள். “ஏ பொற்கொடி! அங்கன என்ன கழட்டிக்கிட்டு இருக்க? ஒம் மக பெரிய மனுசி ஆகி எங்க வீட்டு வாசல்ல நிக்கிறா!”

அக்கா ஓடிவந்தாள். போன் கையில் இருந்தது.

என் அம்மாவின் குரல் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. அதுதான் அடுத்த பிழை. எங்கள் பக்கம் ஒரு பெண் சமைந்தால் முதல் தகவல் தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும், அதுவும் பெற்றவள் வாயால். அவர் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். பொற்கொடி அக்காவின் அண்ணன் கண்ணுச்சாமி ராசிங்காபுரத்தில் இருக்கிறார். தோட்ட வேலை முடிந்து இறங்கிய ஜீப்பு ஒன்று எங்கள் தெருவில் ஆட்களை விட்டுவிட்டு ராசிங்காபுரம் போனது. அதிலிருந்த பெண்கள் அங்கே இறங்கும்போதே கேட்டுவிட்டார்கள். “அண்ணே, மருமக சமஞ்சிருச்சாமே, ஓலை வெட்டியாச்சா?”

அவர் டீக்கடையில் நாலு பேர் நடுவே உட்கார்ந்திருந்தார். ஊருக்கே தெரிந்தபின் தனக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் அக்காவின் போன் அவருக்குப் போனது. அவர் எடுக்கவில்லை.

ஆனாலும் தாய்மாமன் இல்லையா, வந்தார். குடிசை கட்டினார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் சீர்த்தட்டுகளோடு சொந்தங்கள் எல்லாம் வந்து நிறைந்தபோது, மனசில் இருந்ததை எடுத்து வைத்தார். கொஞ்சம் குடித்தும் இருந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா. கூடப்பொறந்தவ சொல்லிவிட்டாத்தான் வரணும்னு நான் நெனைக்கல. ஜீப்புக்காரிக சொன்னாலே வந்துருவேன். மாமன்னா அவ்வளவு எளக்காரம்.”

“அண்ணே, அப்பிடி எல்லாம் இல்லண்ணே” என்றாள் அக்கா.

“பெறகு எப்பிடி?”

“போன்ல சார்ஜ் இல்லண்ணே. அணைஞ்சு கெடந்துச்சு. சார்ஜ் ஏறவும் ஒனக்குத்தான் மொத போட்டேன். சாமி சத்தியமா.”

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. “கரண்டு இல்லாம இருந்திருக்கும்” என்று ஒருவர் எடுத்துக்கூடக் கொடுத்தார். அத்தோடு முடிந்திருக்கும். அலங்காரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிவரஞ்சனி, கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“சார்ஜ் இருந்துச்சு மாமா.”

கண்ணுச்சாமி அவள் பக்கம் திரும்பினார்.

“அம்மா கேம் ஆடிக்கிட்டு இருந்துச்சு. நான் கூப்பிட்டுக்கிட்டே நின்னேன். திரும்பிப் பாக்கல.”

அடிக்குரலில் சொன்னாள். அழவில்லை. கூட்டம் என்ன செய்தது தெரியுமா? சிரித்தது. “இவ்வளவுதானா! போனு பாக்காதவ எவ இருக்கா?” என்று ஒரு பெரியம்மா. “எங்க வீட்டுக்காரரு கக்கூசுக்குள்ளயும் அதோடதான் போறாரு” என்று இன்னொருத்தி. கண்ணுச்சாமியே சிரித்துவிட்டார். “கழுத, இதச் சொல்றதுக்கா பொய் சொன்ன? நான் வேற என்னமோன்னு நெனச்சு மூணு நாளாக் குடிச்சுக்கிட்டிருக்கேன்” என்றார். எல்லாரும் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். கோபம் தீர்ந்தது, பந்தி போட்டார்கள்.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். மகள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாராவது ஒருவர் அந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே காதில் வாங்கியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். நானும் அங்கேதான் இருந்தேன். வீட்டுக் கலகம் ஒன்று நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பரீட்சை முடிந்ததும் சிவரஞ்சனி அப்பாவிடம், “நான் ஒங்ககூட வர்றேன்” என்றாள். அவர் காரணம் கேட்டார். “இங்க நான் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்” என்றாளாம். வீரணன் மலையில் பள்ளிக்கூடம் விசாரித்தார்.

மகள் போன பின் அக்கா போனை அரிசி டிரம்முக்குள் புதைத்துவைத்தாள். மூன்றாம் நாள் எடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு வீரணன் இறங்கி வந்தபோது அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு, ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தார். மகளோடு பேச அது போதும். ஆனால் அக்காவுக்கு உடம்பே வேறாகிவிட்டது. காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். தூக்கமில்லை. குடோனில் வெறிபிடித்தாற்போல் காய் பொறுக்கினாள்.

ஒருநாள் டீ நேரத்தில் மொக்கம்மாள் வழக்கம்போல் போனை நீட்டியிருக்கிறாள். “ஒரே ஒரு ஆட்டம் தாண்டி.” அக்கா வாங்கினாள். டீ நேரம் முடிந்தது, எல்லாரும் உள்ளே போனார்கள், அவள் போகவில்லை. மேஸ்திரி வந்து கத்திய பிறகுதான் தலை தூக்கினாள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காராமல், “சுசி, எனக்கு என்னமோ ஆயிருச்சுடி” என்றாள்.

இப்படிப்பட்டதற்கு டாக்டர் இருக்கிறார் என்று நான் சொன்னேன். என் அம்மா குறுக்கிட்டாள். “போன் பாக்குறதுக்கு டாக்டரா? அப்ப நீ ஊரு ஊரா சுத்துறதுக்கு எந்த டாக்டருகிட்ட போகணும்? அதுவும் ஒரு போதைதான்.” சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. “எனக்குக் காட்டு” என்றாள்.

தேனியில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போனோம். அக்கா உட்கார்ந்ததும், “நான் குடிக்கிறவ இல்லங்க” என்றுதான் ஆரம்பித்தாள். அவர் தலையாட்டிவிட்டு, “ஆட்டத்துல ஜெயிக்கிறப்ப சந்தோஷமா இருக்குமா?” என்று கேட்டார்.

அக்கா யோசித்தாள். “மொத இருந்துச்சு. பெறகு இல்ல. ஆடாம இருந்தாத்தான் ஒரு மாதிரி இருக்கும்.”

“ஒரு மாதிரின்னா?”

“அடுப்புல எதையோ வச்சுட்டு வந்த மாதிரிங்க. போயிப் பாத்தே ஆகணும்.”

“மறைச்சு ஆடியிருக்கீங்களா?”

“குளிக்கப் போறேன்னு போயி, தண்ணியத் திறந்து விட்டுட்டு, வாளி மேல உக்காந்து ஆடிருக்கேன்.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நானும் அன்றுதான் கேட்கிறேன்.

“நிறுத்தணும்னு நினைச்சு நிறுத்த முடியாமப் போயிருக்கா?”

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். “எம் மக கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுங்க” என்றாள் அக்கா. “அன்னைக்குப் பெறகு கேட்டவககிட்டயெல்லாம் காதுல விழலன்னு சொன்னேன். கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. திரும்பணும்னு நெனச்சேன். கழுத்து திரும்பல.”

டாக்டரம்மா மாத்திரை ஒன்றும் பெரிதாகத் தரவில்லை. வாராவாரம் வரச் சொன்னார். கை தேடும் நேரங்களில் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்தார். அக்கா போனாள். ஒரு வாரம் போகாமலிருப்பாள், நான் திட்டுவேன், திரும்பப் போவாள். மொக்கம்மாளிடம், “இனிமே எங்கிட்ட நீட்டாத, ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன்” என்றாள். மொக்கம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “பெரிய இவளாயிட்டா” என்றாள். டீ நேரத்தில் அக்கா தனியே உட்கார ஆரம்பித்தாள். கெட்டிக்காரி என்ற பேரும் போனது. விட்டது என்று அவளால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. “இன்னைக்கு ஆடல” என்று மட்டும் சொல்வாள்.

பொங்கலுக்கு மகளைப் பார்க்க மலைக்குப் போனாள். முறுக்கு, அதிரசம், புதுத்துணி. சிவரஞ்சனி மரியாதையாக நடந்துகொண்டாளாம். காப்பி போட்டுக் கொடுத்தாள். தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாள். பக்கத்து லயத்துப் பெண்ணிடம் மலையாளத்தில் ஏதோ பேசிச் சிரித்தாள். அம்மாவிடம் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. “விருந்தாளிய கவனிக்கிற மாதிரி கவனிச்சாடி” என்றாள் அக்கா, திரும்பி வந்து. “சாப்பிட்டியாம்மான்னு கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல. திட்டியாச்சும் இருக்கலாம்.”

அந்தக் கோடை லீவுக்கு சிவரஞ்சனி வரவில்லை. அடுத்த லீவுக்கும் வரவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் வந்துவிடுவாள், போடியிலேயே பிளஸ் ஒன் சேர்த்துவிடலாம் என்று அக்கா நம்பினாள். எந்தப் பள்ளிக்கூடம் என்றுகூட விசாரித்து வைத்திருந்தாள். கட்டில் ஒன்று வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீரணன் இறங்கும்போது, அவருக்குப் பின்னால் இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்று பார்ப்பாள்.

இன்று மத்தியானம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அக்கா இன்னும் குடோனிலிருந்து வரவில்லை. வந்ததும் நான் இதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

“சித்தி, நான் ரஞ்சனி. அம்மாட்ட பட்டன் போன்தான் இருக்கு, அதான் உங்களுக்கு அனுப்புறேன். நீங்க படிச்சுக் காட்டுங்க. பிளஸ் ஒன் இங்கயே சேந்துட்டேன். அப்பாவுக்குச் சொல்ல தைரியம் இல்ல, என்னையவே சொல்லச் சொல்லிட்டாரு. அம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. அம்மா மாறிருச்சுன்னு அப்பா சொல்றாரு. நானும் நம்புறேன். ஆனா அந்த வீட்டுக்கு வந்தா நான் அம்மாவக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாப்பேன். திரும்புதா இல்லையான்னு. தெனமும் பாப்பேன், ஒண்ணுமே இல்லாததுக்கும் கூப்பிடுவேன். பொங்கலுக்கு வந்தப்பயே அப்பிடித்தான் இருந்துச்சு, வாய மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கு அது வேண்டாம் சித்தி. அம்மாவ நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க.”